சாலை போதவில்லை என்பவர்களுக்கு

சென்னையில் ஏதாவது ஒரு தெருவில் நடைபாதையை அகலமாக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், மறுநாளே அந்தக் குரல் கிளம்பிவிடும்: "இருக்கிற ரோடே பத்தல, இதுல பிளாட்பாரத்தை வேற பெருசாக்கணுமா?" டீக்கடை பெஞ்சில் எழும் இதே கேள்வியைத் தொலைக்காட்சி விவாதத்தில் நிபுணரும் கேட்கிறார், கவுன்சிலரிடம் மனு கொடுக்கப்போகும் வியாபாரிகளும் கேட்கிறார்கள். வண்டிகள் பெருகிவிட்டன, அவற்றுக்கு இடம் வேண்டும், ஆகவே சாலையை அகலப்படுத்து, மேம்பாலம் கட்டு. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் இடம் ஒதுக்குவதெல்லாம் ஐரோப்பாக்காரர்களின் சொகுசு, நம் வெயிலுக்கும் கூட்டத்துக்கும் சரிப்பட்டு வராது. இன்று நம் நகரங்களை ஆள்கிற கருத்து இதுதான். எந்தக் கட்சி ஆண்டாலும், எந்த ஆணையர் வந்தாலும், பணம் கடைசியில் இந்தக் கருத்தின் பக்கமே போய்ச் சேருகிறது.

இந்தக் கருத்து தவறு என்பது என் வாதம். அதைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லப்படும் காரணங்கள் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றன. அதனால்தான் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

யாருக்குப் போதவில்லை?

"எல்லாரும் வண்டியிலதான் போறாங்க, நடக்கிறவன் எத்தனை பேர்?" என்பது முதல் கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத்தொழிலும் நீங்கலாக மற்ற வேலைகளுக்குப் போகிறவர்களிடம், எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். நாடு முழுவதும் ஐந்தில் ஒருவருக்கு மேல் நடந்து போனார்கள். சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில் போனார்கள். காரில் போனவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. சென்னைப் பெருநகருக்கு 2008-ஐ ஒட்டி எடுத்த விரிவான போக்குவரத்து ஆய்விலும் மொத்தப் பயணங்களில் கால் பங்குக்கு மேல் நடைதான்; காரின் பங்கு பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அது பழைய கணக்கு, இப்போது வீட்டுக்கு வீடு பைக் நிற்கிறது என்பார்கள். நிற்கிறதுதான். ஆனால் பேருந்தில் போகிறவர்களை யார் கணக்கில் சேர்ப்பது? மாநகரப் பேருந்தில் ஏறுகிற ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து நிறுத்தம் வரையும், இறங்கிய இடத்திலிருந்து வேலை இடம் வரையும் நடக்கிறார்கள். மின்சார ரயிலில் போகிறவர்களும், 2015-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவில் போகிறவர்களும் அப்படியே. 2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, வேலைக்கும் படிப்புக்கும் வெளியே கிளம்பிய பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் ஒவ்வொருவரும் தினமும் இரண்டு வேளையாவது பாதசாரி. பேருந்துக்குள் கட்டணத்தை ரத்து செய்த அரசு, பேருந்தை விட்டு இறங்கியதும் கால் வைக்க இடம் தரவில்லை என்றால் அந்த நல்ல திட்டம் பாதியில்தான் நிற்கிறது.

ஆக, தெருவில் பெரும்பான்மை யார் என்பதில் சந்தேகமே வேண்டாம். காரிலிருந்து இறங்கி எதிர்ப்பக்கம் மருந்து வாங்கப் போகிறவரும் அந்த நிமிடத்தில் பாதசாரிதான். சாலை போதவில்லை என்று சொல்லும்போது, சாலையின் பெரும்பகுதி ஏற்கெனவே சிறுபான்மையின் கையில் இருக்கிறது என்பதை நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

அகலப்படுத்தினால் தீருமா?

சென்னையின் முதல் மேம்பாலமான அண்ணா மேம்பாலம் 1973-இல் திறந்தது. அன்றிலிருந்து அரை நூற்றாண்டாக மேம்பாலம் கட்டிக்கொண்டே இருக்கிறோம். தி. நகரை மட்டும் எடுத்துக்கொள்வோம். உஸ்மான் சாலையில் ஒரு மேம்பாலம், ஜி.என். செட்டி சாலையில் ஒன்று, 2025-இல் தெற்கு உஸ்மான் சாலையையும் சி.ஐ.டி. நகரையும் இணைத்து இன்னொன்று. தீபாவளிக்கு முந்தைய வாரம் பனகல் பூங்காவைச் சுற்றி ஒருமுறை போய் வந்தவர்களுக்கு நெரிசல் தீர்ந்ததா என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்காலை அகலமாக வெட்டிவிட்டு மதகை அப்படியே விட்டால் தண்ணீர் மதகில் வந்து தேங்கத்தான் செய்யும். மேம்பாலம் ஒரு சிக்னலைத் தாண்டவைத்து அடுத்த சிக்னலில் கொண்டுபோய்க் குவிக்கிறது. அதன் தூண்களும் இறக்கங்களும் கீழே இருந்த நடைபாதையைத் தின்றுவிடுகின்றன. அப்படி மெலிந்த தெருவில் நடக்க முடியாதவர்கள் இன்னொரு பைக் வாங்குகிறார்கள். அடுத்த மேம்பாலத்துக்கான தேவை அங்கேயே பிறந்துவிடுகிறது.

இது நம் ஊரின் தனிக்கதையும் இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலையைப் பெரும் செலவில் விரிவாக்கி, 2008-இல் சில இடங்களில் 26 தடங்கள் வரை கொண்டுபோனார்கள். உலகத்தின் மிக அகலமான சாலைகளில் ஒன்று அது. 2011-க்கும் 2014-க்கும் இடையே அந்தச் சாலையில் மாலை நேரப் பயணம் 55 சதவீதம் நீண்டது. இடம் கிடைத்ததும் வண்டிகள் வந்தன. முன்பு வேறு நேரத்தில், வேறு வழியில் போனவர்களும் அங்கேயே வந்தார்கள். நிலம் கொட்டிக் கிடக்கிற டெக்சஸ் மாநிலத்தில் 26 தடம் போட்டுத் தீராதது, கட்டடங்கள் நெருக்கியடிக்கிற மயிலாப்பூரில் இன்னும் பத்து அடி எடுத்தால் தீர்ந்துவிடுமா?

எதிர்த்திசையில் போன நகரமும் உண்டு. தென்கொரியாவின் சியோல் நகர மையத்தில் தினமும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடிய மேம்பால நெடுஞ்சாலையை 2003-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதன் கீழே புதைந்திருந்த சியோங்கியேசியோன் ஓடையை மீட்டு, 2005-இல் சுமார் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நகரம் முடங்கிப்போகும் என்று சொன்னவர்கள் அங்கேயும் இருந்தார்கள். நகரம் முடங்கவில்லை. பேருந்துத் தடங்களைச் சீரமைத்தார்கள், மக்கள் அதில் ஏறிக்கொண்டார்கள்.

எண்ணிக்கையில் பேச விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. வட அமெரிக்க நகரங்களின் போக்குவரத்து அதிகாரிகள் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியின்படி, சுமார் மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில் தனியார் வண்டிகள் மட்டும் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 600 முதல் 1,600 பேர் வரை கடக்கலாம். அதே அகலம் தடுப்போடு கூடிய சைக்கிள் பாதையானால் 7,500 பேர். நடைபாதையானால் 9,000 பேர். இடம் குறைவாக இருக்கிற நகரம் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? இடப் பற்றாக்குறைதான் நடைபாதைக்கு எதிரான வாதம் என்று இவ்வளவு நாளும் சொல்லி வந்திருக்கிறோம். உண்மையில் நடைபாதைக்கு ஆதரவான மிகப் பெரிய வாதமே அதுதான்.

பிளாட்பாரம் போட்டாலும் நடப்பதில்லையே?

அடுத்த குற்றச்சாட்டு இது. "பிளாட்பாரம் போட்டுக் கொடுத்தாலும் ரோட்டுலதான் நடக்கிறாங்க." பார்ப்பதற்கு உண்மை போலவே இருக்கும். அதனால் அந்தப் பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் நடந்து பார்ப்போம்.

மழைநீர் வடிகாலின் மேல் சிலாப் போட்டு மூடிய இடத்தையே நம் ஊரில் பெரும்பாலும் நடைபாதை என்கிறோம். வடிகால் உயர்ந்தால் நடைபாதையும் உயரும். ஏறுவதற்கு முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு ஏற வேண்டும். பத்தடி போனால் ஒரு வீட்டின் கேட். கார் ஏறுவதற்காக அங்கே நடைபாதையை வெட்டிச் சரிவு போட்டிருப்பார்கள். இறங்கி, ஏற வேண்டும். அடுத்தது மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், நடைபாதையின் நட்டநடுவில். அதைச் சுற்றிப் போக நினைத்தால் ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் சாலை. அதைத் தாண்டினால் மேன்ஹோல் மூடி அரை அடி தூக்கிக்கொண்டு நிற்கும். அப்புறம் ஒரு டிரான்ஸ்பார்மர், கட்சி விளம்பரம் எழுதிய நிழற்குடை, கேபிள் சுருள், வீடு கட்டுகிறவர் கொட்டிய ஜல்லி, வரிசையாக ஆறு பைக். கையில் காய்கறிப் பை வைத்திருக்கிற ஓர் அம்மா இதில் எத்தனை முறை ஏறி இறங்குவார்? இரண்டாவது கேட்டிலேயே சாலைக்கு இறங்கிவிடுவார். அவர் செய்வது ஒழுங்கீனமா?

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் பாதசாரி வசதிகளுக்காக 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி, நடப்பதற்குத் தடையே இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் இடிக்காமல் போகிற அகலம் அது. உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பில்லர் பாக்ஸும் மரமும் இருக்கையும் கடையும் அந்த 1.8 மீட்டருக்கு வெளியே தனிப் பட்டையில் இருக்க வேண்டும். கேட் வருகிற இடத்தில் நடைபாதை ஒரே மட்டத்தில் தொடர வேண்டும். ஏறி இறங்க வேண்டியது கார்தான். அதிசயம் எதையும் இந்த விதி கேட்கவில்லை. இதன்படி அமைந்த நடைபாதையை மக்கள் பயன்படுத்தாமல் விட்டதை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

சைக்கிள் பாதைக்கும் இதே குற்றச்சாட்டு உண்டு: "பெயின்ட் அடிச்சு விட்டாங்க, ஒரு சைக்கிளையும் காணோம்." ஒரு பூங்கா வாசலில் தொடங்கி அரை கிலோமீட்டரில், கார்கள் நிற்கிற இடத்தில் முடிந்துபோகிற பச்சைக் கோட்டில் யார் சைக்கிள் ஓட்டுவார்கள்? எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காத ரயில் பாதையில் பயணிகள் இல்லை என்று யாரும் குறைசொல்வதில்லையே. ஸ்பெயினின் செவில் நகரம் 2006 முதல் 2010 வரையான சில ஆண்டுகளில் 120 கிலோமீட்டர் அளவுக்குத் தடுப்புள்ள சைக்கிள் பாதைகளை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டியது. பயணங்களில் அரை சதவீதம்கூட இல்லாத நிலையிலிருந்து சைக்கிளின் பங்கு 6, 7 சதவீதத்துக்கு ஏறியது. துண்டு துண்டாகக் கட்டாமல் வலையாகக் கட்டியதுதான் அங்கே நடந்த வித்தியாசம்.

கடை வந்துவிடும் என்கிற பயம்

"பிளாட்பாரத்தை அகலப்படுத்தினா கடைக்காரன் வந்து உக்காந்துடுவான்" என்பதும் அடிக்கடி சொல்லப்படுவது. இதில் ஒரு பெரிய அநியாயம் ஒளிந்திருக்கிறது. பூக்கூடை வைத்திருக்கிற ஒரு பெண் நடைபாதையில் எடுத்துக்கொள்வது ஒரு சதுர மீட்டர். ஒரு காருக்குத் தமிழ்நாட்டின் கட்டட விதிகள் சொல்லும் நிறுத்துமிடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். பூக்காரம்மாவின் ஒரு சதுர மீட்டருக்கு நாம் வைத்திருக்கிற பெயர் ஆக்கிரமிப்பு. மாநகராட்சி வண்டி வந்து தராசையும் கூடையையும் அள்ளிக்கொண்டு போகும். பொதுச் சாலையில் பன்னிரண்டரை சதுர மீட்டரை இரவும் பகலும் இலவசமாக எடுத்துக்கொள்கிற காருக்கு ஒரு பெயரும் இல்லை. அது அங்கே நிற்பது இயற்கை போலவே எல்லோருக்கும் படுகிறது. தி. நகரிலோ அண்ணா நகரிலோ அந்த அளவு நிலத்தின் விலை என்ன என்று ஒரு புரோக்கரைக் கேட்டுப் பாருங்கள். தெருவில் யாருக்கு மானியம் போகிறது என்பது புரியும்.

தெரு வியாபாரம் சட்டவிரோதமும் அன்று. நடைபாதையில் தொழில் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அரசமைப்புச் சட்டம் தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சோதன் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுக்களை அமைத்து, விற்பனைக்கான இடங்களை வரையறுத்து, சான்றிதழ் கொடுக்கச் சொல்கிறது. அந்தக் குழுக்களை ஒழுங்காக நடத்தினால், கடைக்குத் தனிப் பட்டை, நடைக்குத் தனிப் பட்டை என்று பிரித்துவிடலாம். மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு பெண் தனியாக நடந்துபோகிற தெருவில் இட்லிக் கடையின் விளக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது நடந்து போகிறவர்களுக்குத் தெரியும்.

நிரந்தரக் கடைக்காரர்களின் பயம் வேறு. கார் நிறுத்த இடமில்லை என்றால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கு நான் கோபன்ஹேகனை உதாரணம் காட்டப்போவதில்லை. மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெருவைக் காட்டுகிறேன். அந்தத் தெருவுக்குள் காரில் போய் யாரும் துணி வாங்கியதில்லை. மக்கள் மின்சார ரயிலில் வந்து, பேருந்தில் வந்து, தோளோடு தோள் உரச நடந்தே வாங்குகிறார்கள். தமிழ்நாட்டிலேயே ஒரு சதுர அடிக்கு மிக மும்முரமாக வியாபாரம் நடக்கிற தெருக்களில் அதுவும் ஒன்று. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளை நடப்பவர்களுக்கு விட்டிருக்கிறார்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகளுக்கு அனுமதி இல்லை; அந்த நேரத்தில்தான் அந்த ஊர் மொத்தமும் அங்கே இருக்கும். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் தியாகராய சாலையின் நடைபாதைகளை அகலமாக்கித் திறந்தார்கள். அதில் குறைகள் உண்டு; பைக்குகள் ஏறுகின்றன, உடைந்த கற்கள் உடனே மாற்றப்படுவதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே போய்ப் பாருங்கள். தாத்தாக்களும் பாட்டிகளும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், குழந்தைகள் கையைப் பிடிக்காமல் ஓடும், ஜன்னல் ஜன்னலாக நின்று பார்த்துக்கொண்டு போகிறவர்கள் கடைக்குள் நுழைவார்கள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் கண்ணில் எந்தக் கடையும் படாது.

வெயிலும் வெளிநாடும்

"இந்த வெயில்ல யார் நடப்பா?" நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு மூன்று வீட்டில் வேலை முடித்துவிட்டு நான்காவது வீட்டுக்குப் போகிற பெண் நடக்கிறார். சித்தாள் நடக்கிறார். கூரியர் பையன் சைக்கிள் மிதிக்கிறான். வெயில் அவர்களுக்கும் சுடுகிறது. ஏசி காருக்குள் இருந்துகொண்டு வெயிலைக் காரணம் காட்டி அவர்களின் நடைபாதையை மறுப்பது கொடுமை. வெயில் கடுமையான ஊரில் நடப்பவருக்கு அதிக வசதி செய்ய வேண்டும்: நிழல் தரும் மரம், தண்ணீர், உட்கார இடம். நாம் நேர்மாறாக, சாலையை அகலப்படுத்த புங்கையையும் தூங்குமூஞ்சியையும் வெட்டி, அந்த இடத்தில் தாரை ஊற்றி, தெருவின் சூட்டை இன்னும் ஏற்றிவிட்டு, சூடாக இருக்கிறது என்கிறோம். மேலே சொன்ன செவில் நகரத்தில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அங்கே சைக்கிள் மிதிக்கிறார்கள்.

சைக்கிள் நமக்கு அந்நியம் என்பது அதைவிடப் பெரிய தவறு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களின் கையில் கொடுத்தது. குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆயிரம் ஆயிரமாக ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி உலகம் அறியச் செய்தார். தமிழ்நாட்டின் மிகக் காய்ந்த மாவட்டங்களில் ஒன்றில் நடந்தது இது. யாரும் அங்கே வெயிலைப் பற்றிப் பேசவில்லை. பஸ்ஸுக்கும் ஆண்களுக்கும் காத்திருக்க வேண்டாம் என்கிற விடுதலையைப் பற்றித்தான் பேசினார்கள். இன்றும் நம் அரசு பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஐந்து லட்சம் அளவில் விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. கொடுத்துவிட்டு, அந்தப் பதினாறு வயதுப் பெண்ணைத் தண்ணீர் லாரிக்கும் மாநகரப் பேருந்துக்கும் இடையே ஓட்டச் சொல்கிறது. அந்தப் பெண்ணின் பெற்றோர் பயந்துபோய் வண்டியை வீட்டு மூலையில் சாத்தி வைத்தால் அது அவர்களின் குற்றமா?

ஐரோப்பாவும் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கவில்லை. நெதர்லாந்தில் 1971-இல் மட்டும் சாலையில் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே இயக்கம் எழுந்தது. பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடி வாங்கியதுதான் இன்று நாம் புகைப்படத்தில் பார்க்கிற சைக்கிள் பாதை.

பைக் ஏழையின் வண்டிதானே?

எதிர்வாதங்களில் மதிப்போடு பதில் சொல்ல வேண்டியது இதுதான். "காரை விடுங்க, பைக்தானே சாமானியனோட வண்டி? அவன் இடத்தையும் பிடுங்கணுமா?" உண்மை. கொரட்டூரிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிற இளைஞனுக்கு பைக் சொகுசு இல்லை. ஆனால் அவன் அதை ஏன் வாங்கினான்? பேருந்து எப்போது வரும் என்று தெரியாது. வந்தாலும் நிறுத்தத்துக்குப் போகிற வழி நடக்கிற மாதிரி இல்லை. தினமும் முப்பது கிலோமீட்டர் போய்வருகிறவருக்கு, லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கிடைத்தாலும், இன்றைய விலையில் மாதம் 1,500 ரூபாய் பெட்ரோலுக்கே போகும். அதன்மேல் தவணை, இன்சூரன்ஸ், சர்வீஸ். மாநகரப் பேருந்தின் மாதப் பயண அட்டை 1,000 ரூபாய். ஏழையின் வண்டி என்று நாம் கொண்டாடுவது, நகரம் அவனுக்குச் செய்யாத ஏற்பாட்டுக்காக அவன் மாதாமாதம் கட்டுகிற அபராதம்.

அபராதம் பணத்தோடு நிற்பதும் இல்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1.68 லட்சம் பேர் இறந்ததாக மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் சுமார் 44 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஐந்தில் ஒருவர், அதாவது முப்பத்திரண்டாயிரம் பேருக்கு மேல், நடந்து போனவர்கள். மூன்றில் இரண்டு சாவு நடப்பவருக்கும் பைக்காரருக்கும் என்றால் அவர்கள் இருவரும் ஒரே பக்கம். நல்ல நடைபாதையும் நம்பகமான பேருந்தும் பைக்காரரின் இடத்தைப் பறிப்பதில்லை. பைக் இல்லாமலும் வாழலாம் என்ற வாய்ப்பை அவருக்கும் அவர் வீட்டாருக்கும் தருகின்றன.

ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்பார்கள். இன்று 108 வண்டி எதன் பின்னால் சிக்கி அலறுகிறது என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். நடப்பவர் ஆம்புலன்ஸை மறித்ததில்லை.

ஒழுங்கு யாருக்கு?

கடைசியில் எல்லா வாதமும் தீர்ந்த பிறகு மிஞ்சுவது, "நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கு கிடையாது, கண்ட இடத்துல குறுக்க வர்றாங்க" என்பது. ஆறு தடச் சாலை 24 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல உடம்போடு இருப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடந்தால் கடக்க 20 நொடி ஆகும். எழுபது வயதுக்காரருக்கு 30 நொடி. நம் சிக்னல்களில் பாதசாரிக்கான பச்சை விளக்கு எத்தனை நொடி எரிகிறது என்று நின்று எண்ணிப் பாருங்கள், எரிகிற இடங்களில்.

நடைமேம்பாலம் இருக்கிறதே, ஏறலாமே என்கிறார்கள். அடியில் வண்டிகள் போக ஐந்தரை மீட்டர் விட்டுக் கட்டினால், சுமார் நாற்பது படி ஏறி நாற்பது படி இறங்க வேண்டும். எதிர்ப்பக்கம் இருக்கிற பால் பூத்துக்குப் போய்வர எண்பது படி ஏற்றம், எண்பது படி இறக்கம். கர்ப்பிணிக்கும், மூட்டுவலிக்காரருக்கும், கைக்குழந்தையோடு போகிறவருக்கும் இது கதவை மூடுவதற்குச் சமம். லிப்ட் வைத்திருக்கிறோம் என்றால், அது ஓடுகிறதா என்பது அடுத்த கேள்வி. பெட்ரோலில் ஓடுகிறவர் சமதளத்தில் போக, சோற்றில் ஓடுகிறவர் மாடி ஏற வேண்டும் என்பது எந்த நியாயம்?

குறுக்கே வருகிறவரைக் கொல்வது அவருடைய ஒழுங்கீனம் இல்லை, வேகம். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரைப் பறிக்கும் விபத்தின் ஆபத்து நான்கு சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கார் மோதுகிற வேகம் 50-லிருந்து 65 கிலோமீட்டர் ஆனால், நடப்பவர் சாகும் ஆபத்து நாலரை மடங்காகிறது. நடப்பவரும் வண்டியும் கலக்கிற இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் கூடி அறிவித்தன. பள்ளிக்கூடத்தின் முன் 60-இல் போகிறவரை விட்டுவிட்டு, குறுக்கே போன பாட்டியைத் திட்டுவதற்கு இனி யாருக்கும் உரிமை இல்லை.

சட்டம் நம் பக்கம்

கோவையைச் சேர்ந்த எலும்புமுறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்கக் கோரி 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். உடைந்த உடல்களை மேசையில் வைத்து ஒட்டவைக்கிற மருத்துவர், அவை உடையாமல் இருக்க வழி கேட்டுப் போன வழக்கு அது. அந்த வழக்கில் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடியதாக, ஆக்கிரமிப்பு இல்லாததாக நடைபாதைகள் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. சொகுசு என்ற பேச்சு அன்றோடு செத்துவிட்டது.

சென்னைக்குத் தனியாக இன்னொரு சாட்சியும் இருக்கிறது. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று 2014-இல் சென்னை மாநகராட்சி தனிக் கொள்கையை ஏற்றது. நாட்டிலேயே அதில் முன்னோடி நம் மாநகராட்சிதான். போக்குவரத்துக்கான தன் நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று அந்தக் கொள்கை சொல்கிறது. ஆகவே புதிதாக எதையும் யாரும் கேட்கவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டதைச் செய்யுங்கள் என்கிறோம்.

ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் அந்த 60 சதவீதம் எங்கே போனது என்று கவுன்சிலர்கள் மன்றத்தில் கேட்க வேண்டும். சாலைப் பணிக்கு டெண்டர் விடும்போதே 1.8 மீட்டர் தடையற்ற நடைபாதை வரைபடத்தில் இருக்க வேண்டும். கேட்டுக்குக் கேட் அறுபடுகிற நடைபாதைக்கு ஒப்பந்தக்காரருக்குப் பணம் தரக் கூடாது. பேருந்துச் சாலைகளில் கார் நிறுத்துவதற்கு நிலத்தின் மதிப்புக்கேற்ற கட்டணம் வேண்டும். நகர விற்பனைக் குழுக்கள் கூட வேண்டும், விற்பனை இடங்களைக் குறிக்க வேண்டும். பள்ளி, மருத்துவமனை, சந்தை, பேருந்து நிறுத்தம் இருக்கிற இடங்களில் தரை மட்டத்திலேயே கடக்கும் வழியும் 30 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடும் வேண்டும். சைக்கிள் பாதை போட்டால் பள்ளியையும் ரயில் நிலையத்தையும் இணைத்துப் போட வேண்டும்.

இதில் எதற்கும் ஒரு மேம்பாலத்துக்கு ஆகிற பணமும் காலமும் ஆகாது. அடுத்த முறை யாராவது உங்களிடம் சாலை போதவில்லை என்று சொன்னால், யாருக்குப் போதவில்லை என்று திருப்பிக் கேளுங்கள். நகரத்தைத் தினமும் தன் கால்களால் தாங்குகிற பெரும்பான்மைக்கு அது ஒருநாளும் போதியதில்லை. முதலில் அவர்களுக்குப் போதுமானதாக ஆக்குவோம். மிச்சமிருக்கிற இடத்தில் வண்டிகள் போகட்டும்.